ஆயக்கட்டு உள்ள வாய்க்கால், ஆள் இல்லாத ஆறு

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018இல் நாடு முழுக்க 351 ஆற்றுப் பகுதிகளை மாசுபட்டவை என்று பட்டியலிட்டது. அதில் தமிழ்நாட்டின் நதிகள் ஆறு. அவற்றுள் திருமணிமுத்தாறு, சரபங்கா, வசிஷ்ட நதி ஆகிய மூன்றும் சேலம் மாவட்டத்தில் ஓடுபவை. மூன்றையும் மிக மோசமான முதல் வரிசையில்தான் வைத்திருந்தார்கள். லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை உள்ள நீர் அந்த வரிசையில் வரும். குளிக்கத் தகுந்த நீரில் அது 3க்குள் இருக்க வேண்டும். திருமணிமுத்தாற்றில் குறிக்கப்பட்ட பகுதி சேலம் நகரில் தொடங்கிப் பாப்பாரப்பட்டி வரை.

அதே ஆற்றைப் பிடித்துக்கொண்டு தெற்கே போனால் பரமத்தி வேலூருக்கு அருகில், நஞ்சை இடையாற்றில், அது காவிரியில் விழுகிறது. அந்த வட்டாரத்தில் இன்னொரு நீரோட்டமும் உண்டு. ஜேடர்பாளையத்தில் காவிரியிலிருந்து பிரிந்து வரும் ராஜவாய்க்கால். 17ஆம் நூற்றாண்டில் மனிதர் வெட்டியது. அதன் கரையில் வெற்றிலைக் கொடிக்காலும் வாழைத் தோப்பும் கரும்புக்காடும் இன்றும் நிற்கின்றன. மலையில் பிறந்த ஆறு சாக்கடையாகிவிட்டது. மண்வெட்டியில் பிறந்த வாய்க்கால் நானூறு ஆண்டாக ஓடுகிறது. இரண்டும் ஒரே சமவெளியில், ஒரே காவிரிப் படுகையில் உள்ளவை. 1996 வரை ஒரே மாவட்டத்திலும் இருந்தவை. ஒன்று ஏன் பிழைத்தது, மற்றது ஏன் கெட்டது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இதைவிட நல்ல இணை கிடைக்காது.

ஒப்பிடுவதே நியாயமா என்று ஒருவர் கேட்கலாம். திருமணிமுத்தாறு மழையை நம்பிய காட்டாறு. ராஜவாய்க்காலுக்குத் தலைமாட்டில் காவிரி இருக்கிறது. ஆண்டில் பெரும்பகுதி தண்ணீர் கிடைக்கும் வாய்க்காலையும், ஐப்பசி கார்த்திகையில் மட்டும் பெருகும் ஆற்றையும் ஒரே தராசில் வைக்கலாமா? கேள்வி சரிதான். ஆனால் வறண்ட ஆறு வேறு, கெட்ட ஆறு வேறு. கோடையில் மணல் மட்டும் கிடந்த காலத்தில், மணலில் ஊற்றுத் தோண்டி ஜனங்கள் தண்ணீர் எடுத்தார்கள். இன்றைக்குக் கோடையிலும் ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது. அதில் கால் வைக்கத்தான் முடியாது. தண்ணீர் குறைந்ததால் கெட்ட ஆறு இல்லை இது. எந்தத் தண்ணீர் வருகிறது, அதற்கு யார் பொறுப்பு என்பதில்தான் சிக்கல்.

முதலில் ஆற்றின் பாதை. சேர்வராயன் மலையில் மஞ்சவாடிக் கணவாய்ப் பக்கத்திலிருந்து இறங்கி வரும் ஓடைகள் சேர்ந்து திருமணிமுத்தாறு ஆகின்றன. சேலம் நகரின் பழைய பகுதி முழுக்க இந்த ஆற்றை ஒட்டியே வளர்ந்தது. கோட்டை, கோட்டை மாரியம்மன் கோயில், சுகவனேசுவரர் கோயில், அக்ரகாரத் தெருக்கள், கடைவீதி எல்லாம் ஆற்றை நம்பி அமைந்தவை. ஊரைத் தாண்டி உத்தமசோழபுரம், ஆட்டையாம்பட்டிப் பக்கமாகப் போய், நாமக்கல் மாவட்டத்துக்குள் நுழைந்து, மதியம்பட்டி வழியே பரமத்தியைத் தொட்டு நஞ்சை இடையாற்றில் முடிகிறது. சுமார் 2,400 சதுர கிலோமீட்டர் நிலத்தின் வடிகால் இது. வழியில் ஏரிகள் நிறைய. ஆறு நிரம்பினால் ஏரி, ஏரி நிரம்பினால் அடுத்த ஏரி என்று கோத்துவைத்த பழைய ஏற்பாடு.

தலைமாட்டில் நடந்த மாற்றங்களையும் விட்டுவிடக் கூடாது. 1820களில் சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டுக்குக் காப்பிச் செடியைக் கொண்டுபோனார். அதன்பின் மலையின் பெரும்பகுதி தோட்டமாயிற்று. 1965இல் மேட்டூரில் உற்பத்தியைத் தொடங்கிய அலுமினிய ஆலைக்காகச் சேர்வராயன் மலையில் பாக்சைட் வெட்டினார்கள். அடிவாரத்தில் வெள்ளைக்கல் சுரங்கங்கள். மலை, மழையைப் பிடித்து மெல்ல விடும் தன்மை இப்படிப் பல கைகளால் குறைந்தது. என்றாலும் நகரம் செய்ததோடு ஒப்பிட்டால் மலையில் நடந்தது சின்ன விஷயம்.

வாய்க்காலின் கதை இதைவிடச் சுருக்கம். பரமத்திப் பகுதியை ஆண்ட பாளையக்காரர் அல்லாள இளைய நாயக்கர் ஜேடர்பாளையத்தில் காவிரியின் குறுக்கே ஒரு படுகை அணை கட்டி, இடக்கரையில் வாய்க்கால் வெட்டினார் என்பது மரபு. ராஜவாய்க்கால், குமாரபாளையம் வாய்க்கால், பொய்யேரி வாய்க்கால், மோகனூர் வாய்க்கால் என்று நான்கு பெயர்களில் இந்தப் பாசனம் ஓடுகிறது. பொத்தனூர், பாண்டமங்கலம், பரமத்தி வேலூர், மோகனூர் என்று நீளும் காவிரிக் கரை ஊர்களில் 16,000 ஏக்கருக்கு மேல் நனைகிறது.

அணையின் அடக்கத்தைக் கவனிக்க வேண்டும். படுகை அணை ஆற்றைத் தடுத்து நிறுத்துவதில்லை. மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்தி, தேவையான பங்கை வாய்க்காலுக்குத் திருப்பிவிட்டு, மீதியைத் தன் தலைக்கு மேலேயே போகவிடுகிறது. பவானி ஆற்றில் 13ஆம் நூற்றாண்டில் காலிங்கராயன் செய்ததும் இதே வகை. கொங்கு நாட்டில் தேக்கம் கட்டிச் சேர்ப்பதைவிட ஓடுகிற நீரில் பங்கு எடுப்பதுதான் பழைய வழக்கம். பங்கு என்று வந்துவிட்டால் கணக்கு வரும். கணக்கு வந்தால் கேட்பவர் வருவார். ராஜவாய்க்காலின் ஆயுள் அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

சேலத்துக்கு வருவோம். 1866இல் நகராட்சியான ஊர் அது. பெருகிய ஜனத்தொகைக்கு ஆறும் கிணறும் போதாமல் போனபோது பனமரத்துப்பட்டியில் ஏரி அமைத்து 1911இல் குழாய் நீர் கொண்டுவந்தார்கள். பிறகு அதுவும் போதவில்லை. மேட்டூரிலிருந்து காவிரி நீர் வந்தது. நகரத்துக்கு இது வரம். ஆற்றுக்கு அன்றே தலையெழுத்து மாறியது. குடிக்கும் நீர் வேறு இடத்திலிருந்து வரத் தொடங்கியதும், வீட்டருகே ஓடும் நீர் எப்படி இருந்தாலென்ன என்ற நிலை வந்துவிட்டது. முன்பு ஆற்றில் கழிவு விட்டவனைக் கீழ்த்தெருக்காரன் கேட்டிருப்பான், ஏனென்றால் அவன் வீட்டுக் குடத்தில் அது வந்து விழும். குழாய் வந்தபின் கேட்க ஆள் இல்லை.

இன்னொரு வேடிக்கையும் இதில் இருக்கிறது. சேலத்துக்கு மேட்டூரிலிருந்து வரும் நீர் காவிரியின் நீர். அதைக் குடித்து, குளித்து, துவைத்து, பட்டறையில் பயன்படுத்தியபின் எங்கே விடுகிறார்கள்? பெரும்பகுதி திருமணிமுத்தாற்றில். அது நஞ்சை இடையாற்றில் மறுபடி காவிரியில் சேர்கிறது. ஆக, கோடையில் திருமணிமுத்தாற்றில் ஓடுவது பெரும்பாலும் சேர்வராயன் மலை நீரே அல்ல. மேட்டூரில் எடுத்து, சேலத்தில் அழுக்காக்கி, பரமத்தியில் திருப்பிக் கொடுக்கப்படும் காவிரி. ராஜவாய்க்காலில் ஓடுவதும் மேட்டூரைத் தாண்டி வரும் காவிரிதான். ஒரே அணையின் தண்ணீர் இரண்டு வழியில் பிரிந்து, ஒன்று ஊர்கள் பல கடந்து வெற்றிலைக்குப் போகிறது. மற்றது ஒரு மாநகரத்தின் வயிற்றுக்குள் புகுந்து வெளியே வருகிறது. இரண்டும் கடைசியில் ஒரே வட்டாரத்தில் வந்து நிற்கின்றன.

கரைகள் எப்படி இருக்கின்றன என்று பார்த்தால் வேறுபாடு கண்ணிலேயே தெரியும்.

ராஜவாய்க்கால் கரையில் நிலத்தின் முகம் வாய்க்காலைப் பார்த்திருக்கிறது. கொடிக்காலில் அகத்தியை நட்டு அதில் வெற்றிலைக் கொடியை ஏற்றுகிறார்கள். வெள்ளைக்கொடி, கற்பூரி என்று இரண்டு ரகம் பெயர் பெற்றவை. நூறு இலை ஒரு கவுளி, 104 கவுளி ஒரு சுமை என்று வேலூர்ச் சந்தையில் கணக்கு. வெற்றிலை மிகவும் கோபக்காரப் பயிர். நீர் தேங்கினால் வேர் அழுகும். சில நாள் நீர் இல்லாவிட்டால் கொடி வாடும். கொடிக்கால்காரர் அதனால்தான் வாய்க்காலில் தண்ணீர் எத்தனை அடி வருகிறது, தலைமதகில் எவ்வளவு திறந்திருக்கிறார்கள் என்பதைத் தினமும் விசாரிப்பவர். பராமரிப்புக்காக வாய்க்காலை அடைக்கும்போது சொன்ன தேதிக்குத் திறக்காவிட்டால் மறுநாளே மறியல் நடக்கும். கரும்பை ஆலையில் ஆட்டி வெல்லம் காய்ச்சுகிறார்கள். அச்சு வெல்லமும் உருண்டை வெல்லமும் சிப்பம் சிப்பமாகப் பிலிக்கல்பாளையம் ஏலச் சந்தைக்குப் போகின்றன. பொங்கல் சமயத்தில் அந்த ஊர்க் காற்றே இனிப்பாக இருக்கும். பூவன், ரஸ்தாளி, கற்பூரவல்லி வாழைத்தார்கள் வேலூரில் ஏலம் போகின்றன. இத்தனைக்கும் மூலம் ஒரு மண் வாய்க்கால்.

திருமணிமுத்தாற்றின் கரையில், நகரத்துக்குள், வீடுகளின் முதுகு ஆற்றைப் பார்த்திருக்கிறது. சாயப்பட்டறை, வெள்ளிப்பட்டறை, இறைச்சிக் கடை, உணவகம் எல்லாவற்றுக்கும் பின்வாசல் ஆறுதான். நகரின் குகை, அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டைப் பகுதிகளில் தறி ஓடியவரை சேலத்துக்குச் சோறு போட்டது நெசவு. அந்த நெசவுக்குச் சாயம் வேண்டும். சாயத்துக்குத் தண்ணீரும், கழிவுக்கு ஒரு வடிகாலும் வேண்டும். இதைச் சொல்லாமல் சாயப்பட்டறைக்காரரை மட்டும் வில்லனாக்குவது எனக்குச் சம்மதமில்லை. சின்னச் சின்னப் பட்டறைகள், தனித்தனியே சுத்திகரிப்பு நிலையம் கட்டும் வசதி இல்லாதவை, நூறாண்டு ஊரின் பெயரைக் காப்பாற்றியவை. பொதுச் சுத்திகரிப்புக்கு வேண்டிய ஏற்பாட்டைக் காலத்தில் செய்யாமல், இரவோடு இரவாகக் கழிவை விடும் நிலைக்கு அவர்களைத் தள்ளிவிட்டு, பிறகு அவ்வப்போது இடித்துத் தள்ளுவதால் ஆறு தெளியவில்லை.

நகரத்தைத் தாண்டினால் ஜவ்வரிசி ஆலைகள். மரவள்ளிக் கிழங்கை அரைத்து மாவு எடுத்தபின் மிஞ்சும் நீர் புளித்து நாறும். ஆக்சிஜனை உறிஞ்சி மீனைக் கொல்லும். சேலம், நாமக்கல் மாவட்டங்கள் ஜவ்வரிசிக்குப் பெயர் போனவை. 1981 முதல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் விற்பனையைப் பார்த்துவருகிறது. ஆலைகள் பலவும் இப்போது அந்தக் கழிவு நீரிலிருந்து எரிவாயு எடுத்துத் தங்கள் அடுப்பையே எரிக்கின்றன. கழிவுக்கு விலை கிடைத்ததும் அது ஆற்றுக்கு வருவது குறைந்தது. சட்டத்தைக் காட்டிலும் லாபம் வேகமாக வேலை செய்த இடம் இது.

ஆற்றின் கீழ்ப்பகுதிக்கு வந்தால் கதை இன்னும் சிக்கலாகிறது. மதியம்பட்டிப் பக்கம் மழை பெய்து ஆறு பெருகும்போது வெள்ளை நுரை பொங்கிச் சாலை வரை ஏறுவதைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். மழையைப் பயன்படுத்திக்கொண்டு மேலே சாயக்கழிவைத் திறந்துவிடுகிறார்கள் என்பது கீழ்ப்பகுதி விவசாயிகளின் புகார். ஆனால் அதே விவசாயிகளில் ஒரு பகுதியினருக்கு ஆண்டு முழுக்க ஏரியில் நீர் நிற்பதற்கும் இந்த ஆறே காரணம். கழிவு கலந்தாலும் கிணற்று மட்டம் ஏறுகிறது; தீவனப் பயிர் முளைக்கிறது. மறுபக்கம், அந்தக் கிணற்று நீரை மாடு முகர்ந்து பார்த்துத் தலையைத் திருப்பிக்கொள்கிறது. தண்ணீர் வேண்டும், இந்தத் தண்ணீர் வேண்டாம் என்ற இரண்டுங்கெட்டான் நிலை. கேட்கும் குரலில் உறுதி இல்லாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பொது நினைவிலும் இரண்டும் வேறு வேறு இடத்தில் இருக்கின்றன. ஜேடர்பாளையத்தில் அல்லாள இளைய நாயக்கருக்குச் சிலை இருக்கிறது. தை முதல் நாள் அரசு சார்பில் மாலை போட்டு மரியாதை செய்கிறார்கள். அதே மாதம் ஐந்தாம் நாள் ஈரோட்டில் காலிங்கராயன் தினம். நாலு நாள் இடைவெளியில் இரண்டு வாய்க்கால்காரர்களைக் கொங்கு நாடு கொண்டாடுகிறது. சாதிச் சங்கங்கள் இந்த விழாக்களில் முந்திக்கொண்டு நிற்பதும், வாய்க்கால் வெட்டியவர் எங்களவர் என்று பங்கு கேட்பதும் உண்மை. எரிச்சல் தரும் விஷயம்தான். ஆனாலும் வாய்க்காலுக்கு அதனால் கெடுதல் இல்லை. கொண்டாடும் இடத்தில் வாய்க்கால் வறண்டு கிடந்தால் அவமானம் என்பதால் விழாவுக்கு முன் புதரை வெட்டவாவது செய்வார்கள்.

இதற்கு நேர்மாறான உதாரணமும் பக்கத்திலேயே உண்டு. மேட்டூர் அணை 1925இல் தொடங்கி 1934 ஆகஸ்ட் 21இல் திறக்கப்பட்டது. நீர்த்தேக்கத்துக்கு அன்றைய கவர்னர் ஸ்டான்லியின் பெயர். அணையிலிருந்து 1950களில் கிழக்குக் கரை, மேற்குக் கரைக் கால்வாய்கள் வெட்டப்பட்டு சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் 45,000 ஏக்கர் பாசனம் பெற்றது. ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 15 வரை 137 நாள் தண்ணீர். ராஜவாய்க்கால் பாசனத்தைப்போல மூன்று பங்கு பரப்பு. அந்தக் கால்வாய்களைத் திட்டமிட்ட பொறியாளர் யார் என்று குமாரபாளையத்திலோ பள்ளிபாளையத்திலோ கேட்டுப் பாருங்கள். தெரிந்தவர் கிடைப்பது அரிது. ஆனாலும் டிசம்பரில் தண்ணீரை இன்னும் சில நாள் நீட்டித்துத் தரச் சொல்லி ஆண்டுதோறும் மனு போகிறது. சிலை இல்லாவிட்டாலும் கால்வாய் பிழைக்கும். மனு எழுதும் ஆயக்கட்டுதாரர், அதாவது அதில் பாசன உரிமை உள்ள நிலக்காரர், இல்லாவிட்டால் பிழைக்காது.

திருமணிமுத்தாற்றுக்கு நினைவு இல்லாமல் இல்லை. புராணம் உண்டு, கோயில் உண்டு. ஆடி மாதம் கோட்டை மாரியம்மனுக்கு ஊரே திரளும். ஆனால் அந்தத் திருவிழாவில் ஆற்றுக்கு இன்று வேலை இல்லை. குழாய் நீரிலும் லாரி நீரிலும் எல்லாம் முடிந்துவிடுகிறது. ஒரு காலத்தில் குளித்தோம், மீன் பிடித்தோம் என்று எழுபது வயதுக்காரர்கள் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதில் ஏக்கம் இருக்கிறதே தவிர உரிமைக் கோரிக்கை இல்லை. ஏக்கத்தை எந்த அலுவலகமும் பதிவேட்டில் ஏற்றுவதில்லை.

வாய்க்காலுக்கு உள்ள பதிவேடு மிகவும் சாதாரணமானது. எந்தச் சர்வே எண், எத்தனை ஏக்கர், எந்த மதகின் கீழ், நஞ்சையா புஞ்சையா என்று எழுதியிருக்கும். தலைமடைக்காரர் யார், கடைமடைக்காரர் யார் என்று ஊருக்கே தெரியும். கடைமடைக்குத் தண்ணீர் வராவிட்டால் அவர் தலைமடைக்காரரோடு சண்டைக்குப் போவார். அல்லது உதவிப் பொறியாளர் அலுவலக வாசலில் உட்காருவார். 2000ஆம் ஆண்டு வந்த தமிழ்நாடு விவசாயிகளின் நீர்ப்பாசன முறை மேலாண்மைச் சட்டம் இதற்குச் சங்க வடிவம் கொடுக்கப் பார்த்தது. சங்கங்கள் எல்லா இடத்திலும் நன்றாக நடந்தன என்று சொல்ல மாட்டேன். ஆனால் சட்டத்துக்கு முன்பே இந்த வாய்க்காலில் உரிமையும் கடமையும் பழக்கத்தில் இருந்தன.

ஸ்பெயினில் வலென்சியா நகரத்துக் கதீட்ரல் வாசலில் வியாழக்கிழமைதோறும் மதியம் தண்ணீர் நீதிமன்றம் கூடுகிறது. வாய்க்கால் வாய்க்காலாக விவசாயிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் நீதிபதிகள். எழுத்து மனு கிடையாது, வக்கீல் கிடையாது, உடனே தீர்ப்பு. நூற்றாண்டுகள் கடந்த அந்த வழக்கத்தை 2009இல் யுனெஸ்கோ மனித குலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அங்கேயும் அந்த நீதிமன்றம் காப்பது வாய்க்காலைத்தான். அதே வலென்சியா, 1957இல் பெருவெள்ளம் வந்தபின், ஊருக்குள் ஓடிய துரியா ஆற்றையே ஊருக்கு வெளியே திருப்பிவிட்டது. உரிமைக்காரர் உள்ள வாய்க்கால் ஓடிக்கொண்டிருக்க, உரிமைக்காரர் இல்லாத ஆறு நகரத்தின் வசதிக்கு இடம் மாறியது. சேலத்துக்கு மட்டும் வந்த வியாதி அல்ல இது.

இந்த இடத்தில் வாய்க்காலை மட்டும் தூக்கிப் பிடித்துவிட்டு நகர முடியாது. ஆயக்கட்டு உரிமை என்பது ஒரு வேலியும்கூட. வாய்க்காலுக்குக் கீழே இருப்பவனுக்கு மூன்று போகம், மேட்டுப் பக்கம் இருப்பவனுக்கு ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணறு. நாமக்கல் மாவட்டத்தின் பெரும்பகுதி இந்த மேட்டுக்காடுதான். அதனால்தான் அங்கே கோழிப்பண்ணையும் லாரியும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக்கும் தொழிலாயின. வாய்க்காலில் மோட்டார் வைத்து, குழாய் போட்டு, பல மைல் தள்ளி நீரைக் கொண்டுபோகும் திருட்டும் இந்த வேலியின் விளைவே. கொடிக்காலில் இலை கிள்ளும் கூலிக்காரப் பெண்ணுக்கு ஆயக்கட்டுப் பதிவேட்டில் பெயர் கிடையாது. வாய்க்கால் அடைபட்டால் அவளுக்கும் வேலை போகும். கூட்டத்தில் பேச அவளை யாரும் கூப்பிடுவதில்லை.

வாய்க்காலின் நீரும் இனி சுத்தம் என்று சொல்வதற்கில்லை. 2018 பட்டியலில் மேட்டூர் முதல் மயிலாடுதுறை வரையிலான காவிரியும் இருக்கிறது. குமாரபாளையம், பள்ளிபாளையம் சாயக்கழிவு ஜேடர்பாளையத்துக்கு மேலே கலக்கிறது. கதவணைகளில் தேங்கும் நீரில் ஆகாயத்தாமரை பாய் விரித்தாற்போல் மூடிக்கிடக்கிறது. அந்த நீர்தான் படுகை அணையில் திரும்பி வாய்க்காலுக்குள் வருகிறது. அளவுக்காகப் போராடத் தெரிந்த ஆயக்கட்டு, தரத்துக்காகப் போராட இன்னும் பழகவில்லை. எத்தனை கன அடி என்று கேட்பவர்கள், அதில் என்ன கலந்திருக்கிறது என்றும் சேர்த்துக் கேட்டாக வேண்டிய காலம் வந்துவிட்டது.

கான்கிரீட் விஷயத்திலும் இரண்டுக்கும் ஒரு பொருத்தம் உண்டு. நீர்க்கசிவைத் தடுக்கிறோம் என்று வாய்க்கால்களுக்குக் கான்கிரீட் போடுகிறார்கள். பக்கத்தில் ஈரோட்டில் கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடும் திட்டத்தை விவசாயிகளில் ஒரு சாரார் ஆண்டுக்கணக்கில் எதிர்த்தார்கள். கசியும் நீரில்தான் எங்கள் கிணறு வாழ்கிறது என்பது அவர்கள் வாதம். கடைமடைக்குத் தண்ணீர் சேர வேண்டும் என்று இன்னொரு சாரார் ஆதரித்தார்கள். யார் சரி என்பதைவிட, அங்கே ஒரு வாதம் நடந்தது என்பதே முக்கியம். சேலத்தில் பொலிவுறு நகரத் திட்டத்தின் கீழ் திருமணிமுத்தாற்றின் கரைகளில் தடுப்புச் சுவர் எழுப்பி, படுகையில் கான்கிரீட் பரப்பினார்கள். எதிர்ப்போ ஆதரவோ பெரிதாக எழவில்லை. ஆற்றின் அடியைக் கான்கிரீட்டால் மூடுவது நிலத்தடி நீருக்கு என்ன செய்யும் என்று கேட்க அங்கே ஒரு கிணற்றுக்காரர்கூட இல்லை.

தென்கொரியத் தலைநகர் சியோலில் சொங்கேசொன் என்ற ஓடையை 1950களின் கடைசியில் மூடி, மேலே சாலையும் மேம்பாலமும் கட்டினார்கள். 2003இல் மேம்பாலத்தை இடிக்கத் தொடங்கி, 2005இல் ஓடையைத் திறந்தார்கள். நம் ஊர் அதிகாரிகள் நதி அழகுபடுத்தும் திட்டம் பேசும்போதெல்லாம் இந்த உதாரணம் வரும். அங்கே ஓடும் நீர் பெரும்பாலும் ஹான் ஆற்றிலிருந்து பம்ப் வைத்து ஏற்றப்படுவது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். அதற்கு ஆகும் மின்சாரச் செலவைச் சியோல் தாங்கும். சேலம் தாங்குமா? தாங்க வேண்டிய தேவையும் இல்லை. சேலத்துக்கு ஏற்கெனவே மேட்டூரிலிருந்து பம்ப் செய்த நீர் வருகிறது. பயன்படுத்தியபின் அதை ஒழுங்காகச் சுத்திகரித்து விட்டாலே திருமணிமுத்தாறு ஆண்டு முழுக்க ஓடும். அணைமேடு போன்ற இடங்களில் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டியிருக்கிறார்கள். எல்லா வீட்டுக் கழிவும் அங்கே போய்ச் சேர வேண்டும். சேர்ந்தது முழுமையாகச் சுத்தமாகி வெளியே வர வேண்டும். அழகுபடுத்துவது அதற்குப் பிறகு செய்ய வேண்டிய வேலை.

கேட்க ஆள் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நகரத்துக்குள்ளேயே மூக்கனேரி சாட்சி. ஆகாயத்தாமரையும் குப்பையும் மண்டிக்கிடந்த அந்த ஏரியை 2010இல் சேலம் மக்கள் குழு பொறுப்பெடுத்து, தூர்வாரி, நடுவே மண்திட்டுகள் போட்டு மரம் நட்டது. பறவைகள் வந்தன. பின்னாளில் கழிவும் ஆகாயத்தாமரையும் மறுபடி தொல்லை கொடுத்தன என்பதும் உண்மை. ஆனால் ஏரி கெட்டுப்போகும்போதெல்லாம் சத்தம் போட ஒரு கூட்டம் இருக்கிறது. ஏரிக்குக் கரை உண்டு, எல்லை உண்டு. ஒரு குழு அதை எங்களது என்று சொல்ல முடிகிறது. ஆற்றை எந்தக் குழுவும் முழுதாக எங்களது என்று சொல்ல முடியவில்லை. குகைக்காரருக்கு அது குகையில் தொடங்கிக் குகையில் முடிகிறது.

இதில் மாவட்ட எல்லை செய்த வேலை தனி. 1997 ஜனவரி 1இல் நாமக்கல் தனி மாவட்டமானது. நிர்வாகத்துக்கு நல்ல காரியம்தான். ராஜவாய்க்காலின் தலையும் வாலும் ஒரே மாவட்டத்தில் விழுந்தன. கடைமடைக்காரரின் புகாரைக் கேட்கும் கலெக்டரும், தலைமதகுக்குப் பொறுப்பான கலெக்டரும் ஒருவரே. திருமணிமுத்தாற்றில் கழிவு கலப்பது சேலம் மாவட்டத்தில், அதை அனுபவிப்பது நாமக்கல் மாவட்டத்தில். மதியம்பட்டி விவசாயி மாதந்தோறும் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் எழுந்து நுரையைப் பற்றிச் சொன்னால் கேட்பவர் நாமக்கல் கலெக்டர். நுரைக்குக் காரணமானவர்கள் சேலம் கலெக்டரின் எல்லையில். கடிதம் இங்கிருந்து அங்கே போய்ச் சேர்வதற்குள் மழை நின்று நுரையும் அடங்கிவிடும். வாய்க்காலில் தலைமடையும் கடைமடையும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து சண்டை போடுகின்றன. ஆற்றில் அந்தச் சண்டைக்கே இடம் இல்லை.

புதிய திட்டத்துக்கு முன்னால் திருமணிமுத்தாற்றுக்கு வேண்டியது ஓர் ஆயக்கட்டுப் பதிவேடு. அந்த ஆற்று நீர் எந்தெந்த ஏரியில் விழுகிறது, எந்தக் கிணறுகள் அதனால் கெட்டன, எத்தனை ஏக்கர் அதை நம்பி இருக்கிறது என்று பெயரோடும் சர்வே எண்ணோடும் எழுத வேண்டும். ஒவ்வொரு சுத்திகரிப்பு நிலையத்தின் வாயிலிலும் வெளியேறும் நீரின் தரத்தைப் பலகையில் தமிழில் தினமும் எழுதிப்போட வேண்டும். மேட்டூர் அணையின் நீர்மட்டத்தை நாள்தோறும் பத்திரிகையில் பார்க்கும் ஜனங்களுக்கு இந்த எண்ணும் சீக்கிரம் பழகிவிடும். இரண்டு மாவட்டக் கலெக்டர்களும், மாநகராட்சியும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும், நீர்வளத்துறையும் சேர்ந்து மாதம் ஒரு முறை கூட்டுக் குறைதீர் கூட்டம் நடத்த வேண்டும். பட்டறைக்காரரும், கடைசி ஏரிப் பாசனக்காரரும், இலை கிள்ளும் கூலிக்காரரும் அதில் பேச வேண்டும். முதல் கூட்டத்தைச் சேலத்தில் வைக்காமல் நஞ்சை இடையாற்றில் வைக்கும்படி இரண்டு மாவட்ட நிர்வாகங்களையும் கேட்டுக்கொள்கிறேன்.